லேப்டாப் வாங்கப் போறீங்களா? பில் போடறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க!

கோவை:

ஒரு காலத்தில் லேப்டாப் என்றால் ஐ.டி. கம்பெனிக்காரர்கள் தோளில் மாட்டிச் செல்லும் சமாச்சாரம். கொங்கு மண்டலத்தில் பல வீடுகளுக்குள் முதல் லேப்டாப் நுழைந்ததே பள்ளிக்கூடப் பிள்ளைகள் மூலமாகத்தான். 2011 செப்டம்பர் 15-ந் தேதி அப்போதைய முதல்-அமைச்சர் ஜெயலலிதா விலையில்லா லேப்டாப் திட்டத்தை தொடங்கி வைத்தார். அந்தத் திட்டத்தில் தமிழகம் முழுவதும் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவ-மாணவிகள் லேப்டாப் பெற்றனர்.

இன்றைக்கு நிலைமையே வேறு. லேத் பட்டறை, பவுண்டரி, விசைத்தறிக் கூடம், பனியன் கம்பெனி, மளிகைக் கடை என எங்கு போனாலும் பில் போட, ஜி.எஸ்.டி. கணக்கு தாக்கல் செய்ய, இ-வே பில் எடுக்க லேப்டாப் தேவைப்படுகிறது. பகலில் பட்டறை கணக்கு பார்க்கும் அதே லேப்டாப்பில் ராத்திரி மகள் காலேஜ் பிராஜெக்ட் செய்கிறாள்.

50 ஆயிரம் ரூபாய் என்பது உழைத்துச் சாப்பிடும் குடும்பத்துக்கு சின்னத் தொகை இல்லை. தவணை கட்டி முடிப்பதற்குள் லேப்டாப் திணற ஆரம்பித்தால் பணமும் போச்சு, வேலையும் கெட்டது. கடைக்காரர் காட்டுகிற மாடலை வாங்குவதை விட, நம்ம வேலைக்கு எது வேணுமோ அதைக் கேட்டு வாங்கினால் 5 வருடம் கவலை இல்லாமல் ஓட்டலாம்.

முதலில் வேலை, அப்புறம் மாடல்

கடைக்குக் கிளம்பும் முன் ஒரு துண்டுச் சீட்டில் என்னென்ன வேலைக்கு லேப்டாப் வேண்டும் என்று எழுதிக் கொள்ளுங்கள். பொதுவாக மூன்று ரகமாகப் பிரிக்கலாம்.

* படிப்பு, டைப்பிங், பில்லிங், கணக்கு: 8 ஜி.பி. ரேம், 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி., ஐ3 அல்லது ரைசன் 3 வகை பிராசசர் போதும்.

* ஆபீஸ் வேலையை வீட்டில் இருந்து பார்ப்பது, நாள் முழுக்க வீடியோ மீட்டிங், புரோகிராமிங்: 16 ஜி.பி. ரேம், ஐ5 அல்லது ரைசன் 5.

* பம்ப், வால்வு, பேட்டர்ன் டிராயிங், 3டி டிசைன்: 16 ஜி.பி. ரேமுக்கு குறையக் கூடாது. தனி கிராபிக்ஸ் கார்டும் தேவைப்படும். எந்த சாப்ட்வேர் ஓட்டுகிறீர்களோ, அந்தக் கம்பெனி எந்த கார்டை பரிந்துரைக்கிறது என்று பார்த்துவிட்டு வாங்குவது நல்லது.

சைசும் முக்கியம். பஸ்சில் தினமும் தூக்கிக்கொண்டு போகிறவர்களுக்கு 14 இஞ்ச் வசதி. டேபிளில் வைத்து கணக்கு எழுதுகிறவர்களுக்கு 15.6 இஞ்ச் நல்லது. அதில்தான் பெரும்பாலும் வலது பக்கம் எண்களுக்கு தனி கீபேட் இருக்கும். நாளைக்கு 100 பில் அடிக்கிறவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

"ஆப்பிள் மேக்புக் வாங்கலாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. பேட்டரி நன்றாக நிற்கும், உழைக்கும். ஆனால் டேலி, சாலிட்வொர்க்ஸ் போன்ற சாப்ட்வேர்கள் விண்டோசுக்காக செய்யப்பட்டவை. மேக்புக்கில் நேரடியாக இன்ஸ்டால் ஆகாது. குறைந்த விலைக்கு கிடைக்கும் குரோம்புக்கிலும் இதே கதைதான்.

ரேமில் கஞ்சத்தனம் வேண்டாம்

4 ஜி.பி. ரேம் இருந்தால் விண்டோஸ் 11 ஓடும் என்று மைக்ரோசாப்ட் சொல்கிறது. ஓடும், ஆனால் நொண்டும். நாலு டேப், ஒரு எக்செல், ஒரு வாட்ஸ்அப் திறந்தால் படுத்துவிடும். 8 ஜி.பி.க்கு கீழே வாங்கவே வேண்டாம்.

கடையில் கேட்க வேண்டிய கேள்வி: "பின்னாடி ரேம் ஏத்த ஸ்லாட் இருக்குங்களா?" மெலிசான மாடல்கள் பலவற்றில் ரேமை போர்டோடு சேர்த்து சால்டர் செய்து விடுகிறார்கள். அதில் பிற்பாடு ஏற்ற முடியாது. ஸ்லாட் உள்ள மாடல் என்றால் இப்போது 8 வாங்கிவிட்டு, பணம் வரும்போது இன்னொரு 8 போட்டுக் கொள்ளலாம்.

2025 கடைசியில் இருந்து உலகம் முழுவதும் மெமரி சிப் விலை எகிறியது. ஏ.ஐ. டேட்டா சென்டர்கள் சிப்களை அள்ளிக்கொண்டதுதான் காரணம். ஆகவே போன வருடம் பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிய விலையை வைத்து கணக்குப் போட வேண்டாம். வாங்கும் அன்றைக்கு இரண்டு கடையிலும், ஆன்லைனிலும் விலை பார்த்துக் கொள்ளுங்கள்.

பேரைப் பார்த்து ஏமாறாதீங்க

"அண்ணா, இது ஐ5 அண்ணா" என்று சொன்னால் மட்டும் போதாது. எந்த வருடத்து ஐ5 என்பதுதான் விஷயம். கோடு போட்டு பின்னால் வரும் எண்ணில் சூட்சுமம் இருக்கிறது. ஐ5-6300 என்றால் 6-ம் தலைமுறை, 2015-ல் வந்தது. ஐ5-8250 என்றால் 8-ம் தலைமுறை, 2017-ல் வந்தது. ஐ5-1335 என்றால் 13-ம் தலைமுறை. எண்ணுக்குப் பின்னால் வரும் ஆங்கில எழுத்து "யு" என்றால் கரண்ட் மிச்சம் பிடிக்கிற ரகம். "எச்" என்றால் வேகம் கூடுதல், சூடும் கூடுதல், பேட்டரி சீக்கிரம் தீரும்.

ரைசனிலும் இப்படி உண்டு. ரைசன் 5 7520யு என்ற பெயரைப் பார்த்தால் புத்தம் புதுசு போல் இருக்கும். உள்ளே இருப்பதோ 2019-ல் வந்த ஜென் 2 டிசைன். பில்லிங் வேலைக்கு ஓகே. அதிக விலை கொடுத்து வாங்க அதில் ஒன்றும் இல்லை.

திருப்பூர்காரர்கள் கவனத்துக்கு

பிரிண்ட், எம்பிராய்டரி டிசைன் செய்கிறவர்கள் திரையில் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது. விலை குறைந்த மாடல்கள் பலவற்றில் "45 சதவீதம் என்.டி.எஸ்.சி." ரக திரை வருகிறது. இதில் கலர் வெளிறித் தெரியும். திரையில் ஒரு சிவப்பு, துணியில் வேறு சிவப்பு என்றால் ஆர்டரே திரும்பி வந்துவிடும். "100 சதவீதம் எஸ்.ஆர்.ஜி.பி." என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மற்றவர்களுக்கு புல் எச்.டி., ஐ.பி.எஸ். திரை போதும்.

அதேபோல பில் பிரிண்டர், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் எல்லாம் இன்னமும் பழைய பெரிய யு.எஸ்.பி. துவாரத்தில்தான் செருகுகிறோம். சில மாடல்களில் டைப்-சி மட்டுமே இருக்கும். துவாரங்களை எண்ணிப் பாருங்கள்.

பழசு வாங்கினால் உஷார்!

செகண்ட் ஹேண்ட் லேப்டாப் பாதி விலைக்கும் குறைவாகக் கிடைக்கிறது. பெரிய கம்பெனிகள் கழித்துவிட்டதை சுத்தம் செய்து விற்கிறார்கள். நல்ல சரக்கும் உண்டு. ஆனால் ஒரு பொறியும் இருக்கிறது.

விண்டோஸ் 10-க்கான இலவச அப்டேட்டை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு நிறுத்திவிட்டது. பதிவு செய்தவர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் தருவதாக அறிவித்தது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற வேண்டும் என்றால், இன்டெல்லில் பொதுவாக 8-ம் தலைமுறை அல்லது அதற்குப் பிறகு வந்த பிராசசரும், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். 6-ம், 7-ம் தலைமுறை லேப்டாப்புகள் மார்க்கெட்டில் மலிவாகக் குவிவதற்கு இதுவும் ஒரு காரணம். சிலர் குறுக்கு வழியில் விண்டோஸ் 11 ஏற்றி விற்கிறார்கள். பாங்கி பரிமாற்றமும் ஜி.எஸ்.டி. பாஸ்வேர்டும் இருக்கும் லேப்டாப்பில் இந்த விளையாட்டு வேண்டாம்.

பழசு வாங்குவோர் கவனிக்க வேண்டியவை:

* 8-ம் தலைமுறைக்கு கீழே வேண்டாம்.
* பேட்டரி ரிப்போர்ட் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். விண்டோசிலேயே அந்த வசதி இருக்கிறது. புதிதில் எவ்வளவு சார்ஜ் பிடித்தது, இப்போது எவ்வளவு பிடிக்கிறது என்று தெரிந்துவிடும்.
* ஆன் செய்யும்போது பழைய கம்பெனியின் பெயரோ, பாஸ்வேர்டோ கேட்டால் அந்த லேப்டாப்பைத் தொடவே வேண்டாம்.
* சீரியல் எண் எழுதிய பில் இல்லாமல் வாங்காதீர்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்து வாங்குவதும் குற்றம்தான்.

பஞ்சும் இரும்புத் தூளும்

சோமனூர், பல்லடம் பக்கம் தறிக்கூடத்தில் பறக்கும் பஞ்சு, லேப்டாப்பின் காற்றுத் துவாரத்தை அடைத்துவிடும். பேன் கத்தும், சூடு ஏறும், வேகம் குறையும். பட்டறையில் கிரைண்டிங் தூள் இன்னும் ஆபத்து. இரும்புத் தூள் கரண்ட் கடத்தும். உள்ளே போனால் போர்டு ஷார்ட் ஆகலாம். லேப்டாப்பை மிஷின் பக்கத்தில் வைக்காமல், கதவு போட்ட ஆபீஸ் ரூமில் வைப்பதே நல்லது. வருடத்துக்கு ஒரு முறை திறந்து சுத்தம் செய்ய வேண்டும்.

லேப்டாப் அடாப்டர் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும். ஆனாலும் வெல்டிங் மிஷின் ஓடும் அதே லைனில் செருகாதீர்கள். டூப்ளிகேட் அடாப்டர் வேண்டவே வேண்டாம். அடாப்டர் மீது இந்திய தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். முத்திரையும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள்.

பில்லில் ஜி.எஸ்.டி. எண்

லேப்டாப்புக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வரி. 50 ஆயிரம் ரூபாய்க்கு வாங்கினால் அதில் சுமார் 7,627 ரூபாய் வரி. தொழிலுக்காக வாங்கும் ஜி.எஸ்.டி. பதிவுதாரர்கள், பில்லில் தங்கள் ஜி.எஸ்.டி. எண்ணைப் போடச் சொன்னால் அந்த வரியை உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக் கொள்ளலாம். பில் போட்ட பிறகு ஞாபகம் வந்து கடைக்கு அலைவதில் பிரயோஜனம் இல்லை. காம்போசிஷன் முறையில் இருப்பவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. வீட்டுக்கும் தொழிலுக்கும் சேர்த்து பயன்படுத்தினால் எவ்வளவு எடுக்கலாம் என்று ஆடிட்டரிடம் கேட்டுக் கொள்ளவும்.

வட்டியில்லா தவணை நிஜமா?

பூஜ்ய வட்டி என்ற ஒன்றே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே சொல்லிவிட்டது. வட்டியை யாரோ ஒருவர் சுமக்கிறார். பெரும்பாலும் அது விலையில் ஒளிந்திருக்கும், அல்லது ரொக்கத்துக்கு கிடைக்க வேண்டிய தள்ளுபடி போய்விடும். பிராசசிங் கட்டணம் தனி. கிரெடிட் கார்டில் வட்டிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேரும். எனவே முதலில் "ரொக்கமா கொடுத்தா எவ்வளவுங்க?" என்று கேளுங்கள். பிறகு தவணையில் மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டும் என்று கேளுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நிஜமான வட்டி. கடன் தரும் நிறுவனம் எல்லாச் செலவையும் சேர்த்து ஒரே தாளில் எழுதித் தர வேண்டும் என்பது 2024 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ளது. அந்தத் தாளை கேட்டு வாங்குங்கள்.

வாரண்டியில் கவனிக்க

* "ஆன்சைட்" என்றால் ஆள் வீட்டுக்கு வருவார். "கேரி-இன்" என்றால் நாம்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும். கோபி, தாராபுரம் பக்கம் இருப்பவர்கள் தங்கள் பின்கோடுக்கு ஆன்சைட் உண்டா என்று முன்பே கேட்பது நல்லது. இல்லாவிட்டால் ஒவ்வொரு ரிப்பேருக்கும் ஒரு நாள் கூலி போய்விடும்.
* 3 வருட வாரண்டி என்றாலும் பேட்டரிக்கு பல மாடல்களில் ஒரு வருடம்தான்.
* டீ கொட்டினாலோ, கீழே விழுந்தாலோ சாதாரண வாரண்டி செல்லாது. அதற்கு தனி பிளான் உண்டு.
* சாப்ட்வேரில் "ஆபீஸ் இலவசம்" என்றால், நிரந்தரமா அல்லது ஒரு வருட சந்தாவா என்று கேளுங்கள். சும்மா கிடைக்கும் லிபர்ஆபீசிலும் கடிதம், கணக்கு எல்லாம் செய்யலாம்.

கடையிலேயே பெட்டியை பிரித்து ஆன் செய்து பாருங்கள். பெட்டி, லேப்டாப் அடிப்பக்கம், பில் மூன்றிலும் சீரியல் எண் ஒன்றாக இருக்க வேண்டும். கீ ஒவ்வொன்றையும் தட்டிப் பாருங்கள். கேமரா, ஸ்பீக்கர், வைபை, சார்ஜர் எல்லாவற்றையும் செக் செய்யுங்கள். ஆன்லைனில் வாங்கினால் பெட்டி பிரிப்பதை செல்போனில் வீடியோ எடுத்து வையுங்கள்.

பிரச்சினை என்றால் எங்கே போவது?

கடையும் சர்வீஸ் சென்டரும் அலைய விட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் 2 வருடத்துக்குள் வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு கட்டணம் கிடையாது. வியாபார நோக்கத்துக்கு வாங்கியவர்கள் இந்தச் சட்டத்தில் நுகர்வோர் ஆக மாட்டார்கள். ஆனால் சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்த சுயதொழிலுக்காக வாங்கியவருக்கு இந்த உரிமை உண்டு. அதற்கும் பில்தான் ஆதாரம்.

அரசு கல்லூரி மாணவர் வீட்டில் இருந்தால்...

கல்லூரி மாணவர்களுக்கு 2 ஆண்டில் 20 லட்சம் கைக்கணினி அல்லது லேப்டாப் வழங்கப்படும் என்று 2025-26 தமிழக பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. 2026 ஜனவரியில் லேப்டாப் வினியோகம் தொடங்கியது. வீட்டில் அரசு கல்லூரியில் படிக்கும் பிள்ளை இருந்தால், தவணைக்கு கையெழுத்துப் போடும் முன் கல்லூரி ஆபீசில் ஒரு வார்த்தை விசாரித்து விடுங்கள். படிப்புக்கு அது கிடைத்தால், கையில் இருக்கும் பணத்தில் பட்டறைக்கு மட்டும் ஏற்றதாக ஒன்றை வாங்கிக் கொள்ளலாம்.