குழல்நீளமும் குறித்தூரமும்: மன்னார்க் கரையிற் சுடுகலன் தெரிவு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஐரோப்பியர் ஈழத்தை வென்றமைக்குக் காரணம் கூறப் புகுவோர் பலர், "அவர்களிடம் துவக்கு இருந்தது, நம்மவரிடம் இல்லை" என்ற அளவில் அமைந்துவிடுவதுண்டு. சொல்லுதற்கு எளிதாகவும் கேட்பதற்கு ஆறுதலாகவும் அமைந்த இக்கூற்று, ஆராய்ச்சிக்கு நின்று பிடிப்பதன்று. துவக்கு என்பது ஒரு பொருளன்று. பல பொருள்களின் பொதுப்பெயர். அதன் வாய் எவ்வளவு அகன்றது, குழல் எவ்வளவு நீண்டது, எவ்வளவு தூரத்தில் நிற்கும் பகைவனை மனத்திற் கொண்டு அது தெரிவு செய்யப்பட்டது என்னும் வினாக்களை எழுப்பினாலன்றி வரலாறு விளங்காது. இவ்வினாக்களை மன்னார்த் தீவையும் அதனை அடுத்த பெருநிலக் கரையையும் களமாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலிற் பொதுவான சில செய்திகளை மனங்கொள்ளல் வேண்டும். பண்டைய கருமருந்து நொடியில் முழுவதும் எரிந்து தீர்வதன்று. குழல் நீண்டிருப்பின், மருந்தின் ஆவி குண்டை நெடுநேரம் உந்தித் தள்ளும். குண்டு விரைவு பெறும். குறிபார்க்கும் முனைகள் இரண்டிற்கும் இடையிலான தூரமும் கூடுவதால் இலக்கும் எளிதில் தவறாது. குழல் குறுகின், எரியாத மருந்து வாய்வழியே சுவாலையாகச் சிதறும். குண்டின் விசை குன்றும். எனினும் நீண்ட குழல் பாரமானது. எடுத்தற்கும் திருப்புதற்கும் நேரம் வேண்டுவது. வாயகன்ற குழல் கனத்த குண்டை எறியும். ஆயின் மருந்தும் மிகுதியாக வேண்டும், சுடுவோனின் கையையும் அது வருத்தும். ஆகவே சுடுகலன் தெரிவு என்பது ஒன்றைப் பெற மற்றொன்றை விட்டுக்கொடுக்கும் பேரமேயாகும். எதை விட்டுக்கொடுக்கலாம் என்பதைத் தீர்மானிப்பது பகைவன் நிற்கும் தூரம்.

கடலும் கோட்டையும்

மன்னார்க் கடல் ஆழமற்றது. இராமர் அணை எனப்படும் மணற்றிட்டுத் தொடர் தலைமன்னாரிலிருந்து இராமேசுவரம் நோக்கிச் செல்கிறது. தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையிலுள்ள கால்வாயோ சிறு கலங்களுக்கே இடந்தருவது. பெருங்கப்பலின் பெரும்பீரங்கிக்கு இங்கு வேலை குறைவு. எனவேதான் போர்த்துக்கேயர் இப்பகுதியில் துடுப்பு வலிக்கும் சிறு போர்க்கலங்களையும் அவற்றின் முகப்பில் ஏற்றத்தக்க சிறு பீரங்கிகளையும் பெரிதும் நம்பினர். எதிர்க்கரையில், மண்டபத்திற்கு அண்மையிலுள்ள வேதாளையில் 1538 ஆம் ஆண்டு கோழிக்கோட்டுக் கப்பற்படையை அவர்கள் முறியடித்தமையும், 1591 இல் அந்திரே பூர்த்தாடோ என்னும் தளபதி மன்னார்க் கடலில் அப்படையை மீண்டும் வென்று யாழ்ப்பாணத்தின்மேற் சென்றமையும் இத்தகைய கலங்களாலேயே கைகூடின.

1544 இல் மன்னாரிற் கத்தோலிக்கம் தழுவியோர் யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் ஆணையாற் கொல்லப்பட்டனர். 1560 இல் கொன்சுத்தந்தீனு த பிறகன்சா யாழ்ப்பாணத்தின்மேற் படையெடுத்து, அவ்வரசை நிலையாகக் கைப்பற்ற இயலாது திரும்பியபோது, மன்னாரிற் கோட்டை கட்டினான். நான்கு மூலைகளிலும் கொத்தளங்கள் கொண்ட அக்கோட்டை, தீவைப் பெருநிலத்திலிருந்து பிரிக்கும் கால்வாயை நோக்கி நிற்கின்றது. அதன் பீரங்கிகளின் வேலை, கால்வாயைக் கடக்க முயல்வோரைத் தடுப்பதே. அதாவது, சுடவேண்டிய தூரம் நிலத்தின் அமைப்பினாலேயே வரையறுக்கப்பட்டிருந்தது. ஆனால் 1658 இல் ஒல்லாந்தர் றிக்கிளொப் வான் கூன்சின் தலைமையிற் கடல்வழி வந்தபோது, அவர்கள் தீவின் கரையில் இறங்குவதைத் தடுக்கப் போர்த்துக்கேயர் செய்த முயற்சி தோல்வியுற்றது. அவர்களுக்குத் தலைமை தாங்கிய அந்தோனியோ த அமறால் த மெனெசெசு அங்கு வீழ்ந்தான். பெப்ரவரியில் கோட்டையும் ஒல்லாந்தர் வசமாயிற்று. 1795 ஒக்டோபரில் அது பிரித்தானியர் கைக்கு மாறியது. கோட்டையின் பீரங்கி எத்துணைப் பெரிதாயினும், கடலை ஆள்பவனே அதன் முடிவை நிருணயித்தான் என்பதே இதனால் அறியக்கிடப்பது.

காட்டின் நெடுங்குழல்

நம்மவரிடம் சுடுகலன் இல்லை என்ற கூற்றை மறுக்க மொழியே முதற் சான்று. துப்பாக்கி, துவக்கு என்னும் இரண்டும் துருக்கிய மூலத்திலிருந்து வந்தவை. பீரங்கி என்பது பறங்கியரைச் சுட்டும் சொல்லோடு உறவுடையது. சொற்கள் அயலிலிருந்து வந்தனவாயினும், பொருளை இந்நாட்டார் விரைவிலே தமதாக்கிக் கொண்டனர். போர்த்துக்கேயர் இலங்கைக்கு முதன்முதல் வந்தபோது அவர்களின் பீரங்கி ஓசை இடியினும் பெரிதென மக்கள் வியந்ததாகச் சிங்கள நூலாகிய இராஜாவலிய கூறும். அதே நூற்றாண்டு முடிவதற்குள் இலங்கைக் கொல்லர் வார்த்தெடுத்த குழல்களைப் போர்த்துக்கேய எழுத்தாளரே மெச்சும் நிலை உண்டாயிற்று. நீண்ட குழலும் இடப்புறத்தில் அமைந்த விசைப்பொறியும் சிங்களத் துவக்குகளின் தனி அடையாளங்கள். இரு கால்களில் ஊன்றிச் சுடும் 'கொடித்துவக்கு' என்னும் சிறு பீரங்கியை ஆளே சுமந்து செல்லலாம். சில்லும் எருதும் செல்லாத மலைக்காட்டுக்கு ஏற்ப, வாயளவைக் குறைத்து நடமாட்டத்தைப் பெற்ற தெரிவு அது.

மன்னார்க் கரைக்குக் கிழக்கே விரியும் வன்னிக் காட்டிலும் இதே பாடம் புலப்படும். பண்டாரவன்னியன் 1803 ஓகத்து 25 ஆம் நாள் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கி, அங்கிருந்த பீரங்கிகளைக் கைப்பற்றினான். அவனை அடக்கும்பொருட்டு மன்னார் உள்ளிட்ட பிரித்தானிய நிலைகளிலிருந்து படைகள் வன்னிக்குள் புகுந்தன. ஒக்டோபர் 31 ஆம் நாள் கற்சிலைமடுவில் கப்டன் வொன் டிறிபேர்க் அவனைத் தோற்கடித்தான். கோட்டைச் சுவரின்மேல் நின்று திறந்த வெளியைக் காக்கவென வார்க்கப்பட்ட பீரங்கி, பத்தடிக்கு அப்பால் மரம் மறைக்கும் காட்டில் அதனைக் கைப்பற்றியவனுக்குப் பெரிதும் பயன்பட்டிராது என நாம் கருத இடமுண்டு. அரண்களைக் கொள்ளலாம், அவற்றின் ஆயுதங்களையும் கொள்ளலாம், அவ்வாயுதம் எந்தத் தூரத்துக்காகச் செய்யப்பட்டதோ அத்தூரத்தைக் கொண்டுவர இயலாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலங்கைக் காடுகளுக்கு வந்த வேட்டைக்காரருட் புகழ்பெற்றவர் சாமுவேல் பேக்கர். துவக்கின் வாயளவு பற்றி அவர் எழுதியவை இன்றும் பயன்தருவன. அக்காலத்தில் வாயளவை அங்குலத்தாற் குறியாது, ஓர் இறாத்தல் ஈயத்திலிருந்து அக்குழலுக்கேற்ற குண்டுகள் எத்தனை வார்க்கலாம் என்னும் எண்ணாற் குறித்தனர். எண் சிறுகச் சிறுக வாய் பெருகும். பேக்கருக்காகப் பிரிஸ்டல் நகரில் கிப்சு என்பார் 1840 இற் செய்த துவக்கின் குழல் 36 அங்குல நீளமுடையது. நிறை 21 இறாத்தல். அதன் உருண்டைக் குண்டு 3 அவுன்சு. அக்கணக்கில் ஓர் இறாத்தலுக்கு ஆறு குண்டுகூடத் தேறா. யானையை ஒரே குண்டில் வீழ்த்த வேண்டின் இத்தகைய வாயளவு தேவை. அம்மருந்துச் சுமையைத் தாங்க அத்தகைய பாரம் தேவை. அப்பாரத்தைச் சுமக்க வேறோர் ஆள் தேவை. சுமையாளை அமர்த்த இயலாத வன்னிக் கமக்காரனோ 'இடியன்' எனப்படும் வாய்வழி மருந்திடும் துவக்கோடு நின்றான். மருந்தையும் குண்டையும் குழலில் இட்டு இடித்து நிரப்புவதாற் பெற்ற பெயர் அது. அவனுக்கு வாயளவும் குழல்நீளமும் தெரிவுகளல்ல, கிடைத்தவை.

சுழல்துப்பாக்கியின் வருகை

இனிக் கைத்துப்பாக்கிக்கு வருவோம். சாமுவேல் கோல்ட் தமது சுழல்துப்பாக்கிக்கு அமெரிக்காவில் உரிமம் பெற்றது 1836 இல். மன்னார்க் கோட்டை கடைசியாகக் கைமாறி நாற்பத்தோராண்டும், கற்சிலைமடுப் போர் முடிந்து முப்பத்துமூன்றாண்டும் ஆனபின்பே இவ்வாயுதம் பிறந்தது. ஆகவே இக்கரையை வெல்வதில் அதற்குப் பங்கில்லை. வென்ற கரையை ஆள்வதிலேயே பங்கு உண்டு. இவ்வேறுபாடு மிக முக்கியமானது.

கோல்டின் ஆயுதம் ஒற்றைச் செயலுடையது. 'குதிரை' எனப்படும் அடிப்பானைப் பெருவிரலாற் பின்னிழுத்தால் உருளை ஓர் அறை சுழன்று நிற்கும். விசை அக்குதிரையை விடுவிக்கும் வேலை ஒன்றையே செய்யும். விசை இலேசானதால் குறி அசையாது. ஒவ்வொரு வெடிக்கும் பெருவிரலைப் பயன்படுத்த வேண்டியிருப்பதால் விரைவு குறையும். 1851 இல் இங்கிலாந்தில் ஆதம்சு என்பார் செய்த துப்பாக்கியோ, விசையை இழுத்த அளவிலேயே சுழன்று வெடிப்பது. விரைவு மிக்கது, குறி தளம்புவது. பின்னர் வந்த போமொன்ற்–ஆதம்சு துப்பாக்கி இருமுறைகளையும் ஒன்றிணைத்தது. அமெரிக்கர் ஒற்றைச் செயலிலும், பிரித்தானியர் இரட்டைச் செயலிலும் நாட்டங்கொண்டமைக்கு அவரவர் எதிர்பார்த்த பகையே காரணம். பரந்த சமவெளியிற் குதிரைமேற் செல்வோனுக்குத் தூரம் உண்டு. அடுத்தடுத்துக் குறிபார்க்க நேரமும் உண்டு. குடியேற்ற நாடுகளில் நின்ற பிரித்தானிய அதிகாரி அஞ்சியதோ, வாளுடன் பாய்ந்து வருபவனை. பாய்பவனை நிறுத்தச் சிறுகுண்டு போதாதென அவர்கள் எண்ணினர். அதனாலேயே வாயகன்ற குழலுக்கு அங்கு மதிப்பு உயர்ந்தது.

குழல்நீளத்தின் வரலாறு இதனை மேலும் தெளிவுறுத்தும். 1847 இல் வந்த கோல்டின் 'வோக்கர்' துப்பாக்கி ஏறத்தாழ அரை அங்குல வாயும், 9 அங்குலக் குழலும், நாலரை இறாத்தல் நிறையும் உடையது. அதனை அரையிற் சுமப்பது அரிது. குதிரைச் சேணத்தில் தொங்கவிடுவதே முறை. 1873 இல் வந்த புகழ்பெற்ற ஒற்றைச் செயல் துப்பாக்கி 0.45 அங்குல வாயுடையது. குதிரைப்படைக்கு ஏழரை அங்குலக் குழலும், பின்னர் ஐந்தரை, நாலேமுக்கால் அங்குலக் குழல்களும் வழங்கின. சேணத்திலிருந்து அரைக்கு இறங்க இறங்கக் குழல் குறுகியது. 1887 இல் பிரித்தானியப் படை ஏற்ற 'வெப்ளி' துப்பாக்கியோ 0.455 அங்குல வாயும் வெறும் 4 அங்குலக் குழலும் கொண்டது. வாய் பெரிது, குழல் சிறிது: அருகில் நிற்பவனைத் தவிர வேறெவனையும் அது எண்ணவில்லை.

மன்னார்க் கரையின் இயல்பும் குறுங்குழலையே வேண்டும். உடையும் விடத்தலும் அடர்ந்த முட்புதரூடே நடப்பவனுக்கு நெடுங்குழல் இடையூறு; உப்புக்காற்றோ இரும்பு முழுவதையும் துருவாக்குவது. யானைக்கு எதிரே எந்தக் கைத்துப்பாக்கியும் பயன்படாது. எனவே ஒற்றைச் செயற் பெருவாய்த் துப்பாக்கியின் ஏழரை அங்குலக் குழல் இக்கரைக்கு உரியதன்று எனலாம். குறுங்குழலே தக்கது. ஆனால் குறுங்குழல் தக்கது என்று கூறும்போதே, எதிரி பத்தடி தூரத்தில் நிற்கும் மனிதன் என்பதையும் ஒப்புக்கொண்டவராகிறோம்.

கைத்தடியும் கட்டுத்துவக்கும்

அவன் யார்? சிலாவத்துறைக்குத் தெற்கேயுள்ள மரிச்சுக்கட்டியில் 1906 இல் நடந்த முத்துக்குளிப்பு இதற்கு விடை தரும். பின்னாளில் எழுத்தாளராகப் புகழ்பெற்ற லெனாட் வுல்ப் அப்போது இலங்கைக் குடியியற் சேவையின் இளம் அதிகாரி. அரபு நாட்டுச் சுழியோடிகளும் தமிழரும் முஸ்லிம்களுமாகப் பல்லாயிரவர் கூடிய மணல் நகரத்தில், சிப்பி பங்கிடும் வேலை அவருடையது. அங்கே கூட்டத்தை ஒழுங்குபடுத்த அவர் கையிற் கொண்டது துப்பாக்கியன்று, கைத்தடி. அதனைக்கொண்டு அடித்ததையும் அவர் தம் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் ஒளிக்கவில்லை. சில வெள்ளை அதிகாரிகள் கைத்தடியோடு அத்தனை பேரை ஆண்டதைப் பிற்காலத்தில் அவர் தமது வாழ்க்கை நினைவுகளிலும் எண்ணிப்பார்க்கிறார். ஏகாதிபத்தியத்தைக் கடுமையாகச் சாடியவராகவே அவர் அறியப்படுகிறார்.

இக்கைத்தடியை மென்மையின் அடையாளமாகக் கொள்ளல் பிழையாகும். மன்னார்க் கோட்டையின் பீரங்கி, காட்டுக்குட் சென்ற படை, அதிகாரியின் இடுப்புத் துப்பாக்கி ஆகிய யாவும் சேர்ந்து முந்திய நூற்றாண்டில் உழைத்த உழைப்பின் பலனே அக்கைத்தடியின் வலிமை. ஆட்சி நிலைபெற நிலைபெறக் குழல் குறுகிற்று; இறுதியிற் குழலே வேண்டாதாயிற்று. ஆள்பவன் கையில் ஆயுதம் குறுகிய அதே காலத்தில், ஆளப்படுவோனின் ஆயுதம் சட்டத்துக்குள் வந்தது. 1916 இன் 33 ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம், எவர் துவக்கு வைத்திருக்கலாம் என்பதை அனுமதிப் பத்திரத்தால் வரையறுத்தது. தெரிவு செய்யும் உரிமை எவனிடம் இருக்கிறதோ அவனே ஆள்பவன் என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அனுமதியின்றிக் காட்டுப்பாதையிற் கட்டிவைக்கப்படும் 'கட்டுத்துவக்கு' இவ்வரலாற்றின் மறுமுனை. பன்றிக்கெனக் கட்டிய கயிற்றிற் காலிடறினால் அது வெடிக்கும். அதற்குத் தூரமும் இல்லை, குறியும் இல்லை, தன்னை இடறுபவன் யார் என்று பார்க்கும் கண்ணும் இல்லை. விறகுக்கும் தேனுக்கும் சென்ற ஏழையே அதற்குப் பலியாவதுண்டு.

தொகுத்து நோக்குமிடத்து, சுடுகலனின் வாயளவும் குழல்நீளமும் வெறுந் தொழில்நுட்பச் செய்திகளல்ல. அதனைத் தெரிந்தெடுத்தவன் தன் எதிரே யாரை, எவ்வளவு அண்மையிற் கண்டான் என்பதன் பதிவுகள். போர்த்துக்கேயன் கால்வாயைக் கண்டான்; வன்னியான் காட்டைக் கண்டான்; பிரித்தானிய அதிகாரி தன்னைச் சூழ்ந்து நின்ற மக்களைக் கண்டான். 1983 முதல் 2009 வரை நிகழ்ந்த போரில் இக்கரை மக்கள் நீண்ட குழலையும் குறுகிய குழலையும் ஒருங்கே கண்டு, ஊரிழந்தும் உறவிழந்தும் துன்புற்றனர். அவர்களின் பிள்ளைகள் இன்று நம் பல்கலைக்கழகங்களிற் பயில்கின்றனர். "எவரிடம் பெரிய துவக்கு இருந்தது?" என்பதோடு வரலாற்றை முடிக்கும் பழக்கத்தை அவர்களுக்கு நாம் கையளித்தல் ஆகாது. "அத்துவக்கு எவரை நோக்கிச் செய்யப்பட்டது?" என்று வினவும் பழக்கத்தையே கையளித்தல் வேண்டும். இன்றும் மன்னாருக்குப் பாலம் கடந்து செல்பவன் முதலிற் காண்பவற்றுள் அக்கோட்டையும் ஒன்று. அதன் கொத்தளங்கள் எத்திசையை நோக்கி நிற்கின்றன என்று ஒருகணம் நின்று பார்ப்பின், அவ்வினாவுக்குரிய விடையின் தொடக்கம் அங்கேயே கிடைக்கும்.