அலர்ஜிக்கு வீடியோ கால் சிகிச்சை போதுமா? கொரோனா காலம் கற்றுத் தந்தது என்ன?

2020 மார்ச் 25. நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கிய அதே நாளில்தான் டெலிமெடிசின் வழிகாட்டு நெறிமுறைகளும் வெளியாகின. போன், வீடியோ கால் மூலம் டாக்டர்கள் ஆலோசனை சொல்லலாம், மருந்தும் எழுதித் தரலாம் என்பது தெளிவானது. அடுத்த மாதமே மத்திய அரசின் இ-சஞ்சீவனி ஓபிடி சேவை வந்தது.

ஒரு தும்மல் போட்டாலே பக்கத்தில் இருப்பவர் விலகி ஓடிய நேரம் அது. ஆஸ்பத்திரிக்குப் போகவே பயந்த அலர்ஜி, ஆஸ்துமா நோயாளிகளுக்கு இது பெரிய உதவி. ஆனால் எல்லாவற்றுக்கும் வீடியோ கால் போதுமா?

எதெல்லாம் முடியும்?

அலர்ஜியைக் கண்டுபிடிப்பதில் முக்கியமான வேலையே விசாரிப்பதுதான். என்ன சாப்பிட்டார், எத்தனை நிமிடத்தில் அரிப்பு வந்தது, வீட்டில் பூனை, நாய் இருக்கிறதா? இதையெல்லாம் போனிலேயே கேட்டுவிடலாம்.

அரிப்போடு வரும் தோல் தடிப்பு பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் மறைந்துவிடும். டாக்டரைப் பார்க்கும் நாளில் காட்ட ஒன்றும் இருக்காது. வந்த உடனே செல்போனில் எடுத்த போட்டோதான் அங்கே சாட்சி. இன்ஹேலரைச் சரியாக இழுக்கிறாரா என்பதையும் கேமராவில் பார்த்துத் திருத்தலாம்.

எதெல்லாம் முடியாது?

தோலில் லேசாகக் குத்திப் பார்க்கும் அலர்ஜி டெஸ்ட்டுக்கு நேரில்தான் போக வேண்டும். சந்தேகப்படும் உணவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பார்க்கும் சோதனையை வீட்டில் செய்யவே கூடாது. அலர்ஜி ஊசி போட்டாலும் 30 நிமிடம் கண்காணிப்பில் இருக்க வேண்டும்.

இருந்தாலும் அலைச்சலைக் குறைக்கலாம். டெஸ்ட்டுக்கு முன் எந்த மாத்திரையை எப்போது நிறுத்துவது என்பதை வீடியோவில் பேசிவிட்டு, டெஸ்ட்டுக்கு மட்டும் நேரில் போனால் போதும்.

வீடியோ காலுக்குக் காத்திருக்கக் கூடாத நேரம்

உணவு, மருந்து, பூச்சிக்கடிக்குப் பிறகு மூச்சுத்திணறல், நாக்கு அல்லது தொண்டை வீக்கம், மயக்கம் வந்தால் அது அனாபிலாக்சிஸ் எனும் உயிருக்கு ஆபத்தான அலர்ஜியாக இருக்கலாம். உடனே 108-ஐ அழைக்க வேண்டும். இதற்கு முதல் மருந்து தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. அரிப்பு மாத்திரை அதற்கு மாற்று ஆகாது.

காலுக்கு முன் தயாராக வேண்டியவை

சாப்பிடும் மருந்துகளின் பட்டியல், பழைய ரிப்போர்ட்கள், தேதியோடு போட்டோக்கள். 'நேரில் வாருங்கள்' என்று டாக்டர் சொன்னால் தட்டிக்கழிக்கக் கூடாது. எது போனில் முடியும், எது முடியாது என்று முடிவு செய்வதும் சிகிச்சையில் ஒரு பகுதிதான்.