குப்பியின் மேல் எழுதிய முகவரி: 1854 தென் லண்டன் உப்புச் சோதனை குறித்த மறுவாசிப்பு

1854 ஆகஸ்டு நடுவில், காலராவால் இறப்பு நேர்ந்த வீடுகளின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு மருத்துவர் ஜான் ஸ்நோ தென் லண்டனில் தெருத்தெருவாக நடந்தார். ஒவ்வொரு வீட்டிலும் அவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: இங்கே தண்ணீர் விடுவது எந்தக் கம்பெனி? பெரும்பாலோருக்குப் பதில் தெரியவில்லை. தண்ணீர் வரியைத் தாமே கட்டியவர்கள்கூட ரசீதைத் தேடி எடுத்த பிறகே பெயர் சொன்னார்கள். வார வாடகைக்குக் குடியிருந்த உழைப்பாளிக் குடும்பங்களுக்காக வரி கட்டியவர் வீட்டுக்காரர்; அவர் எங்கோ தொலைவில் இருந்தார். இத்தகைய வீடுகளில் ஸ்நோ ஒரு சிறு குப்பியில் தண்ணீரைப் பிடித்தார். அதன் மேல் முகவரியை எழுதினார். வீட்டுக்கு எடுத்துப் போய் வெள்ளி நைட்ரேட் கரைசலை அதில் விட்டுப் பார்த்தார்.

அதே ஆண்டு காலராவைப் பரப்பியதாக ஸ்நோ சுட்டிக்காட்டிய பிராட் தெருப் பம்பின் கைப்பிடியைக் கழற்றிய கதை பாடப்புத்தகங்கள் வரை வந்துவிட்டது. இந்தக் குப்பி அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. குடிநீரின் தரத்துக்கு யார் பொறுப்பு என்று கேட்கும் ஆட்சிமுறை உருவான வரலாற்றில் பம்பைவிடக் குப்பிக்கே இடம் பெரிது என்று இக்கட்டுரை வாதிடுகிறது. அதற்கு முன் ஒரு முக்கியமான மாற்றுக் கருத்தை எதிர்கொண்டாக வேண்டும்.

ஹேம்லினின் வாசிப்பு

பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரிட்டனின் நீர்ப் பகுப்பாய்வைப் பற்றி எழுதுகிற எவரும் கிறிஸ்டபர் ஹேம்லின் 1990இல் வெளியிட்ட ‘எ சயின்ஸ் ஆஃப் இம்ப்யூரிட்டி’ நூலைத் தாண்டிப் போக முடியாது. அவருடைய வாதத்தை என் சொற்களில் சுருக்குகிறேன். நீர் நல்லதா கெட்டதா என்று வேதியியலாளர்கள் முதலில் கண்டுபிடித்தார்கள், அரசு அதன்படி நடந்தது என்ற வரிசை உண்மையன்று. தண்ணீர்க் கம்பெனிகளும் அவற்றின் எதிரிகளும் தத்தம் வழக்குக்கு வேதியியலாளர்களை அமர்த்திக்கொண்டார்கள். அசுத்தம் என்ற கருத்தே அந்த வாய்ச்சண்டைக்குள் உருவானது. பகுப்பாய்வு அரசியலுக்கு வழிகாட்டவில்லை. அரசியல் கேட்ட வேலையைச் செய்தது.

இந்த வாதத்தின் பெரும்பகுதியை நான் ஏற்கிறேன். 1828இல் தலைநகர நீர் குறித்து அரச ஆணையம் விசாரித்தது. 1850இல் மருத்துவர் ஆர்தர் ஹசல் நுண்ணோக்கியில் கண்ட நீர்வாழ் நுண்ணுயிர்களைப் படம் வரைந்து வெளியிட்டு லண்டன் மக்களை அருவருப்படையச் செய்தார். 1851இல் கிரஹாம், மில்லர், ஹோஃப்மன் ஆகிய வேதியியலாளர்கள் மூவரும் அரசுக்காக லண்டன் நீரைச் சோதித்தார்கள். இவ்வளவுக்குப் பிறகும் எந்த அளவு கரிமப்பொருள் தீங்கானது என்பதில் ஒருமித்த கருத்து வரவில்லை. 1852இல் தலைநகர நீர்ச் சட்டம் நிறைவேறியபோது காலரா நீரால் பரவுகிறது என்பது நிறுவப்பட்டிருக்கவும் இல்லை. கம்பெனிகள் 1855 ஆகஸ்டு 31க்குள் ஓதம் எட்டாத டெடிங்டன் மதகுக்கு மேலே போய்த்தான் தேம்ஸ் நீரை எடுக்க வேண்டும், வீட்டு உபயோகத்துக்கான நீரை வடிகட்ட வேண்டும், செயின்ட் பால் தேவாலயத்திலிருந்து ஐந்து மைல் சுற்றளவுக்குள் உள்ள வடிகட்டிய நீர்த்தேக்கங்களை மூட வேண்டும் என்று அந்தச் சட்டம் கட்டளையிட்டது. நிறம், நாற்றம், அருவருப்பு, கம்பெனிகள் மீதிருந்த கோபம் ஆகியவையே அதற்குப் பின்னால் இருந்தன. இதுவரை ஹேம்லின் சொல்வது சரி.

என் கருத்து வேறுபாடு அவர் பகுப்பாய்வை எந்தக் கேள்விக்கு விடையாகப் பார்க்கிறார் என்பதில் இருக்கிறது. அவருடைய கதையில் வேதியியலாளர்கள் எதிர்கொள்ளும் கேள்வி எப்போதும் ‘இந்த நீர் குடிக்கத் தகுந்ததா?’ என்பதே. அன்றைய அறிவால் அதற்கு முடிவான விடை சொல்ல இயலாது. ஆகவே விலைக்கு வாங்கிய விடைகள் பெருகின. ஸ்நோவின் குப்பி கேட்டது வேறொரு கேள்வி: ‘இது யாருடைய நீர்?’ இதற்கு அன்றைய வேதியியலே போதுமானதாக இருந்தது. இரண்டு கேள்விகளையும் ‘பகுப்பாய்வு’ என்ற ஒரே பெயரில் அடைத்ததால்தான், அறிவியல் அரசியலின் ஏவலாள் என்ற முடிவு முழுமையானதுபோல் தோன்றுகிறது.

ஒரு பத்தி, ஒரு தொடர், இரண்டு எண்கள்

ஸ்நோவின் நூல் முதலில் 1849இல் சிறு வெளியீடாக வந்தது. 1855இல் பலமடங்கு விரிந்து இரண்டாம் பதிப்பாக வந்தபோதுதான் உப்புச் சோதனை பற்றிய பத்தி அதில் சேர்ந்தது. சௌத்வார்க்–வாக்ஸால் கம்பெனி, லாம்பெத் கம்பெனி ஆகிய இரண்டின் குழாய்களும் ஒரே தெருக்களில் ஓடின. ஒரு வீட்டுக்கு ஒரு கம்பெனி, அடுத்த வீட்டுக்கு மற்றது. சௌத்வார்க்–வாக்ஸால் கம்பெனி பாட்டர்ஸியில், நகரக் கழிவு கலந்த ஓதப் பகுதியிலேயே நீர் எடுத்துவந்தது. லாம்பெத் கம்பெனி 1852இலேயே தேம்ஸ் டிட்டனுக்கு, கழிவு எட்டாத மேல்பகுதிக்கு, மாறிவிட்டிருந்தது.

ஒரு காலன் லாம்பெத் நீரில் வெள்ளி நைட்ரேட்டை விட்டபோது 2.28 கிரெய்ன் வெள்ளி குளோரைடு கிடைத்தது என்றும், இது 0.95 கிரெய்ன் உப்பைக் குறிக்கிறது என்றும் ஸ்நோ எழுதுகிறார். மற்ற கம்பெனியின் நீரில் 91 கிரெய்ன் கிடைத்தது, உப்பு 37.9 கிரெய்ன். இந்த எண்களை நான் திருப்பிக் கணக்கிட்டுப் பார்த்தேன். இன்றைய அணு எடைகளின்படி 91 கிரெய்ன் வெள்ளி குளோரைடு காட்டும் உப்பு 37.1 கிரெய்ன்தான், 2.28 கிரெய்ன் காட்டுவது 0.93. ஸ்நோவின் விடைகள் இரண்டும் 60:144 என்ற விகிதத்தில் அப்படியே பொருந்துகின்றன. சோடியம் 24, குளோரின் 36, வெள்ளி 108 என்று முழு எண்களாக வைத்துக்கொண்டால் வருகிற விகிதம் அது. ஆகவே அந்தப் புள்ளிக்குப் பிந்திய இலக்கங்களைத் துல்லியத்தின் அடையாளமாக எடுத்துக்கொள்ள முடியாது. அவருக்குத் துல்லியம் தேவைப்படவும் இல்லை. நாற்பது மடங்கு வேறுபாட்டில் இரண்டு விழுக்காட்டுப் பிழை எதையும் மாற்றாது.

மேல்நிலைப் பள்ளி வேதியியல் ஆய்வகத்தில் பலரும் செய்திருக்கும் சோதனை இது. குளோரைடு மிகுந்த நீரில் சில துளி விட்டதும் தயிர்போன்ற வெண்ணிற வீழ்படிவு திரண்டு இறங்கும். குளோரைடு குறைந்த நீரில் லேசான பால்கலங்கல் மட்டுமே தெரியும். ஸ்நோ ஒவ்வொரு குப்பியையும் எடைபோட்டுப் பார்க்க வேண்டியிருக்கவில்லை, கண்ணே சொல்லிவிட்டது. நீரின் தோற்றம், தண்ணீர் திறந்துவிடும் ஆள் வரும் நேரம் போன்றவற்றையும் அவர் கவனித்தார். ஆனால் அவற்றைத் துணைச்சான்றாக மட்டுமே கொண்டார். முடிவான சான்றுகள் அவருக்கு இரண்டே: ரசீது அல்லது சோதனை.

அந்தப் பத்தியில் எளிதில் கண்ணில் படாத ஒரு தொடர் உண்டு. உப்பளவில் இருந்த இவ்வேறுபாடு தாம் விசாரணை நடத்திய காலத்துக்கு உரியது என்று ஸ்நோ சேர்த்துச் சொல்கிறார். பாட்டர்ஸி நீரின் உப்புக்கு ஊற்றுக்கண் இரண்டு: நகரக் கழிவு, கடலோதம். மழை குறைந்து ஆற்றின் வேகம் தணியும் மாதங்களில் ஓதம் மேலேறி உப்பைக் கூட்டும். மழைக்காலத்தில் நன்னீர் அதைக் கீழே தள்ளிவிடும். எனவே சோதனையின் வலிமை பருவத்தைப் பொறுத்தது. நீர்மாதிரி எடுத்த நாள் நூலில் இல்லை. தம் சோதனையின் எல்லையை அறிந்த ஒருவரின் எச்சரிக்கையாகவே இத்தொடரை நான் வாசிக்கிறேன்.

பதினான்கு மடங்கிலிருந்து ஐந்து மடங்கு வரை

ஸ்நோ முதலில் கென்னிங்டனின் இரு துணை வட்டங்களை எடுத்துக்கொண்டார். ஆகஸ்டு 12 வரை நேர்ந்த 44 இறப்புகளில் 38 சௌத்வார்க்–வாக்ஸால் வீடுகளில், 4 லாம்பெத் வீடுகளில், 2 சொந்தக் கிணறு வைத்திருந்த வீடுகளில். பதிவுத் தலைமை அலுவலகத்தின் வில்லியம் ஃபார் இதைக் கண்டு வியந்தார். அவருடைய யோசனையின்படி ஆகஸ்டு 26க்குப் பிறகு நேரும் ஒவ்வொரு காலரா இறப்புக்கும் அந்த வீட்டின் நீர் ஆதாரத்தைக் குறிக்குமாறு தென் லண்டன் பதிவாளர்களுக்கு உத்தரவு போயிற்று. நோயால் நேர்ந்த இறப்பையும் நீர் வழங்கியவரையும் ஒரே பதிவேட்டில் சேர்த்த இந்த உத்தரவை நீராட்சி வரலாற்றின் திருப்புமுனைகளில் ஒன்றாகவே நான் கருதுகிறேன்.

முதல் நான்கு வாரங்களில் 10,000 வீடுகளுக்குச் சௌத்வார்க்–வாக்ஸால் பக்கம் 71 இறப்புகள், லாம்பெத் பக்கம் 5; அதாவது பதினான்கு மடங்கு. முதல் ஏழு வாரங்களைச் சேர்த்தால் 40,046 வீடுகளில் 1,263 இறப்புகளும் 26,107 வீடுகளில் 98 இறப்புகளும், எட்டரை மடங்கு. பதிவாளர்கள் பொறுப்பேற்ற அடுத்த ஏழு வாரங்களில் ஏறத்தாழ ஐந்து மடங்கு. வேறுபாடு ஏன் சுருங்கியது? கொள்ளை நோய் முற்ற முற்ற, நீர் தவிர்ந்த வழிகளிலும் தொற்று ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவியது என்பது ஸ்நோவின் விளக்கம். அது ஏற்கத்தக்கதே.

எனினும் இரண்டாவது விளக்கம் ஒன்றையும் முன்வைக்க விரும்புகிறேன். பதிவாளர்களிடம் குப்பி இல்லை. வீட்டுக்காரரைத் தேடிப் போவதையோ வேதிச்சோதனை செய்வதையோ அவர்களிடம் எதிர்பார்க்க முடியாது என்று ஸ்நோவே ஒப்புக்கொள்கிறார். எட்டரை மடங்கு வேறுபாடு மாறாமல் நீடித்தது என்று வைத்துக்கொள்வோம். இரு கம்பெனி வீடுகளிலும் நேர்ந்த 100 இறப்புகளில் 93 ஒரு பக்கம், 7 மறுபக்கம் விழும். அந்த 93இல் நான்கைந்தை மட்டும் பதிவாளர் தவறாக லாம்பெத் கணக்கில் எழுதியிருந்தால் போதும், எட்டரை மடங்கு ஐந்து மடங்காகிவிடும். கம்பெனியின் பெயரே தெரியாத குடித்தனங்கள் நிறைந்த பகுதியில் நூற்றுக்கு ஐந்து பிழை என்பது பெரிதன்று. இதை உறுதிப்படுத்த என்னிடம் நேரடிச் சான்று இல்லை. முதல் ஏழு வாரங்களுக்குள்ளேயே வேறுபாடு குறைந்திருப்பது ஸ்நோவின் விளக்கத்துக்கு ஆதரவாக நிற்கிறது. இரண்டு காரணங்களும் சேர்ந்தே வேலை செய்திருக்கலாம். எது எவ்வளவு என்று பிரிக்க இயலவில்லை. ஆனால் அடையாளம் காணும் கருவியைக் கைவிட்டதும் சான்று மங்கத் தொடங்குகிறது என்ற சாத்தியத்தைத் தள்ளிவிடவும் இயலவில்லை.

காரணத்தை மறுத்தவர்களும் கணக்கை ஏற்றார்கள்

ஹேம்லின் தரப்பிலிருந்து நியாயமான மறுப்பு ஒன்று எழும்: இந்தச் சோதனை யாரை மாற்றியது? 1855இல் பொதுச் சுகாதார வாரியத்தின் அறிவியல் குழு ஸ்நோவின் பிராட் தெரு விளக்கத்தை ஏற்கவில்லை. இது உண்மைதான். ஆனால் அடுத்த ஆண்டே அந்த வாரியத்தின் மருத்துவ அலுவலர் ஜான் சைமன் தென் லண்டனின் இரு கம்பெனிகளையும் ஒப்பிட்டு அரசு அறிக்கை வெளியிட்டார். 1848–49இல் இரண்டின் வாடிக்கையாளர்களும் ஏறத்தாழ ஒரே அளவில் இறந்திருந்தார்கள். 1853–54இல் 10,000 பேருக்குச் சௌத்வார்க்–வாக்ஸால் பக்கம் 130, லாம்பெத் பக்கம் 37. நோய்க்காரணத்தில் ஸ்நோவுடன் உடன்படாத சைமன், எந்த நீர் எத்தனை பேரைக் கொன்றது என்ற கணக்கில் உடன்பட்டார். காரணம் பற்றிய சண்டை முடியாமலே பொறுப்பை நிலைநாட்ட முடிந்தது. ஹேம்லினின் சட்டகத்துக்குள் அடங்காத இடம் இதுவே.

1866இல் கிழக்கு லண்டனில் காலரா ஐந்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டபோது இந்தக் கணக்குமுறை சோதனைக்கு உள்ளானது. வடிகட்டாத நீர் ஒரு துளிகூட விடவில்லை என்று கிழக்கு லண்டன் கம்பெனியின் பொறியாளர் பத்திரிகைக்கு எழுதினார். அன்றைய வேதிப் பகுப்பாய்வால் நீரிலுள்ள காலரா நஞ்சைக் காட்ட முடியாது. ஃபார் இறப்புகளைக் கம்பெனியின் வழங்கல் எல்லையோடு பொருத்திப் பார்த்தார். அவை அந்த எல்லைக்குள் குவிந்து கிடந்தன. விசாரணையில் வீட்டுக் குழாய்களில் விலாங்கு மீன் வந்தது தெரியவந்தது. ஓல்ட் ஃபோர்டின் மூடப்படாத குளத்து நீர் விநியோகத்தில் கலந்ததும் வெளிப்பட்டது. 1852 சட்டம் தடுத்திருந்த செயல் அது. 1871 சட்டத்தின் கீழ் நீர்த் தேர்வாளர் பதவி உருவானதையும், 1904இல் தனியார் கம்பெனிகளைத் தலைநகர நீர் வாரியம் கையகப்படுத்தியதையும் இந்தத் தொடர்ச்சியில் வைத்தே படிக்க வேண்டும்.

நியமமும் முகவரியும்

பாட்டர்ஸி நீரின் குளோரைடை இன்றைய அளவுக்கு மாற்றினால் லிட்டருக்கு ஏறத்தாழ 320 மில்லிகிராம் வருகிறது. இந்தியக் குடிநீர் நியமமான ஐ.எஸ். 10500 ஏற்கத்தக்க அளவை 250 என்றும், மாற்று ஆதாரம் இல்லாதபோது 1000 வரை அனுமதிக்கலாம் என்றும் வகுக்கிறது. ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற நீர், குளோரைடை மட்டும் பார்த்தால், நம் அனுமதி எல்லைக்குள் அடங்கும். நியமத்தின் குறை என்று இதைச் சொல்லவில்லை. 100 மில்லிலிட்டரில் ஈ.கோலை தென்படவே கூடாது என்றும் அதே நியமம் கேட்கிறது. ஆனால் ஓர் எண், அது யாருடைய நீரின் எண் என்பது தெரியாதவரை, எவரையும் பொறுப்பாளியாக்குவதில்லை.

சென்னை அடுக்ககம் ஒன்றின் சம்ப்பில் மெட்ரோ தண்ணீர், லாரித் தண்ணீர், போர் தண்ணீர் மூன்றும் ஒன்றாக விழுகின்றன. சமையலறைக் குழாயில் பிடித்த மாதிரி கெட்டது என்று சோதனை சொன்னால் யாரிடம் போய்க் கேட்பது? 1854 தென் லண்டன் தெருவில் இரண்டு குழாய்கள் கலக்காமலாவது ஓடின. ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்கு நீர்ச் சோதனைப் பெட்டியைப் பயன்படுத்தக் கற்றுத்தருகிறார்கள். நல்ல ஏற்பாடு. அவர்கள் எழுதும் தாளில் எந்தக் கூட்டுக் குடிநீர்த் திட்டம், எந்த மேல்நிலைத் தொட்டி, எந்த ஆழ்துளைக் கிணறு என்ற விவரமும், சம்ப்புக்கு முன்னால் பிடித்த நீரா பின்னால் பிடித்த நீரா என்ற குறிப்பும் இடம்பெற வேண்டும். ஸ்நோ குப்பியின் மேல் முகவரியை எழுதாமல் விட்டிருந்தால், உள்ளே திரண்ட வெண்படிவால் யாருக்கும் எந்தப் பயனும் இருந்திருக்காது.