இங்கிலீஷ் ஐரிஸ் பிறந்த ஊர்

ஐரிஸ் என்றதும் நிறையப் பேருக்கு வான்கோ வரைந்த நீலப் பூக்கள்தான் ஞாபகம் வரும். அவை இஞ்சி மாதிரி தரையோடு படுத்து வளரும் மட்டநிலத்தண்டு வகை. நான் இங்கே பேசப்போவது அவற்றின் பங்காளிகளைப் பற்றி. மண்ணுக்கடியில் வெங்காயம் மாதிரி குமிழம் வைத்து, வெயில் காலத்தில் (சிலது குளிரிலும்) ஆள் இருக்கிற சுவடே தெரியாமல் உறங்கி, பருவம் வந்ததும் எழுந்து பூக்கிற ஐரிஸ்கள். குங்குமப்பூவும், கல்யாணப் பூங்கொத்துகளில் நீளமாக நீட்டிக்கொண்டிருக்கும் கிளாடியோலஸும் இதே குடும்பம்தான். ஆனால் அவற்றுக்கு இருப்பது கந்தம், உரித்தால் அடுக்கு வராது. குமிழ ஐரிஸை உரித்தால் வரும்.

ஐரோப்பாவில் பூக்கிழங்கு விற்கும் கடைகளில் இந்த வகையில் மூன்று பெயர்கள் காலங்காலமாகப் புழங்குகின்றன. ஸ்பானிஷ் ஐரிஸ், இங்கிலீஷ் ஐரிஸ், டச்சு ஐரிஸ். மூன்றில் ஒன்றுதான் தன் பெயரில் உள்ள நாட்டில் காட்டுப்பூவாக முளைப்பது. ஸ்பானிஷ் ஐரிஸ் நிஜமாகவே ஸ்பெயின் பக்கத்துச் செடி. டச்சு ஐரிஸ் தோட்டத்தில் பிறந்த கலப்பினம். இங்கிலீஷ் ஐரிஸ் இங்கிலாந்தில் எந்தக் காட்டிலும் பிறக்கவில்லை. மெக்சிகோ காய்க்கு நாம் பெங்களூர் கத்தரிக்காய் என்று பேர் வைத்தோமே, அதே கதைதான். எந்த வழியாகக் கைக்கு வந்ததோ அந்த ஊர் பெயராகிவிட்டது.

இங்கிலீஷ் ஐரிஸின் உண்மையான வீடு, பிரான்ஸுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவே நிற்கும் பிரனீஸ் மலைகளும், அதற்கு மேற்கே வடஸ்பெயினில் ஓடும் கான்டாப்ரிய மலைகளும். அங்கே ஈரமான மலைப்புல்வெளிகளில் கோடையில் பூக்கும். அந்த மலைகளின் அடிவாரத்துத் துறைமுகங்களுக்கும் பிரான்ஸின் போர்டோவுக்கும் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்திலிருந்து நூற்றாண்டுகளாகக் கப்பல் போய் வந்துகொண்டிருந்தது. போகும்போது துணி, வரும்போது ஒயினும் இரும்பும். அந்தச் சரக்கோடு யாரோ ஒருவர் நாலு கிழங்கையும் கொண்டுவந்திருக்க வேண்டும். அவர் பெயர் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறவில்லை. ஒயினுக்கு வரி உண்டு, சட்டைப்பையில் இருக்கும் கிழங்குக்கு ஏது வரி?

16-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பாவின் தாவர ஆர்வலர்கள் எல்லாரும் கடிதம் எழுதிக் கிழங்கு கேட்ட மனிதர் கரோலஸ் க்ளூசியஸ் (1526–1609). லைடன் பல்கலைக்கழகத் தோட்டத்தை உருவாக்கியவர், துலிப் நெதர்லாந்தில் வேரூன்றியதற்கு ஒரு முக்கியக் காரணம். அவர் கைக்கு இந்தப் பெரிய நீல ஐரிஸ் இங்கிலாந்து வழியாக வந்தது. அவரும் அதை இங்கிலாந்தின் ஐரிஸ் என்றே குறித்துவைத்தார். இதில் வேடிக்கை என்ன தெரியுமா? க்ளூசியஸ் 1564–65-இல் ஸ்பெயின் முழுக்கச் சுற்றி, அந்நாட்டுத் தாவரங்களைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதியவர். மலைமேல் சரியான மாதத்தில் ஏறியிருந்தால் இந்தப் பூவை அவரே வீட்டு வாசலில் வைத்துப் பார்த்திருப்பார். பெரிய அறிஞர்களின் தவறுக்கு இருக்கிற சங்கடம் இதுதான், அவர்கள் எழுதியதும் அது பெயராகி நின்றுவிடும்.

சந்தேகப்பட்டவர் ஒரு மருந்துக்கடைக்காரர். லண்டனில் மருந்து செய்து விற்ற ஜான் பார்க்கின்சன், 1629-இல் தோட்டப்பூக்களுக்கென்று ஒரு தடித்த புத்தகம் வெளியிட்டார். அதன் ஸ்கேன் பக்கங்களை நான் ஒருமுறை மெனக்கெட்டுப் படித்தேன். அந்தக் காலத்து எழுத்துரு கண்ணைக் கெடுக்கும், ஆனால் இந்த ஐரிஸ் வரும் பத்தி அதற்குத் தகும். லோபெல் என்ற தாவரவியலாளர் இந்தச் செடி இங்கிலாந்தின் மேற்குப் பகுதியில் தானாக வளர்வதைக் கண்டதாகச் சொல்கிறார்கள், எனக்கு நம்பிக்கை இல்லை என்கிறார் பார்க்கின்சன். ஸ்பெயின் பக்கம் பயணம் போன யாரோ பூவின் அழகில் மயங்கிக் கிழங்கைக் கொண்டுவந்து, மேற்கு இங்கிலாந்தில் நட்டிருப்பார்கள். அது ஏராளமாகப் பெருகி, கை மாறிக் கை மாறி, அந்தப் பக்கத்துக் கிராமத்தார் தோட்டத்திலெல்லாம் சாதாரணமாகிவிட்டது. அவர் ஊகம் இதுதான்.

இவ்வளவுக்கும் அவர் பிரனீஸுக்குப் போனதாகத் தெரியவில்லை. உட்கார்ந்த இடத்தில் இருந்தே, ஒரு செடி ஒரு வட்டாரத்தில் நிறைய இருப்பதும் அந்த வட்டாரத்தில் பிறந்திருப்பதும் வேறு வேறு என்று பிரித்துப் பார்த்தார். என் கணக்கில் குமிழ ஐரிஸ் வரலாற்றிலேயே மிக நேர்மையான பத்தி அது. ஆனாலும் அவரே அந்தச் செடிக்குத் தலைப்பு வைக்கும்போது ஆங்கில ஐரிஸ் என்ற பொருளில்தான் லத்தீன் பெயரைப் போட்டார்! பெயரின் பலம் அப்படி. அதே நூற்றாண்டுப் பழக்கம் இன்றைக்கும் கிழங்குப் பொட்டலத்தில் அச்சாகிறது.

லோபெல் தரப்பையும் கொஞ்சம் யோசிக்கலாம். அவருக்கு ஏன் அப்படித் தோன்றியது? மேற்கு இங்கிலாந்தில் மழை அதிகம், கோடையிலும் மண் காய்வதில்லை. மலைப்புல்வெளியில் ஈரத்தில் வாழ்ந்து பழகிய கிழங்குக்கு அது மாமியார் வீடு இல்லை, பிறந்த வீடு மாதிரி. யாரும் பார்க்காவிட்டாலும் பெருகும். ஸ்பானிஷ் ஐரிஸ் நேர் எதிர். அதற்குப் பூத்து முடிந்ததும் மண் நன்றாகக் காய்ந்து சுட வேண்டும், ஈரம் நின்றால் குமிழம் அழுகும். ஆக, இந்த ஊர்ப் பெயர்கள் வரலாறாகத் தப்பு, வளர்ப்புக் குறிப்பாகச் சரி. இங்கிலாந்து மாதிரி ஈரம் கொடு, ஸ்பெயின் மாதிரி வெயில் கொடு என்று வாசித்துக்கொண்டால் தோட்டக்காரருக்குப் பிழையே வராது.

இரண்டையும் எப்படிப் பிரித்து அடையாளம் காண்பது? பூ வரும்வரை காத்திருக்க வேண்டாம். இலையைப் பாருங்கள். ஸ்பானிஷ் ஐரிஸ் இலையுதிர் காலத்திலேயே இலை விட்டுக் குளிர் முழுக்கப் பச்சையாக நிற்கும், இங்கிலீஷ் ஐரிஸ் குளிர் முடிகிறவரை தலைகாட்டாது. குமிழத்தைப் பாருங்கள். முன்னதன் தோல் மெல்லிசு, பின்னதன் தோல் முரட்டு நார். பூ வந்துவிட்டால் இன்னும் சுலபம். இங்கிலீஷ் ஐரிஸில் நீலம், ஊதா, வெள்ளை உண்டு, மஞ்சள் கிடையாது. இதழ்கள் அகலம். மஞ்சளும் பழுப்பும் கலந்த பூ பார்த்தால் அது ஸ்பானிஷ் பக்கத்து ரத்தம். 1768-இல் ஃபிலிப் மில்லர் அகன்ற இலை என்ற பொருளில் லட்டிஃபோலியம் என்று அறிவியல் பெயர் வைத்தார். இன்றைய பெயர் ஐரிஸ் லட்டிஃபோலியா, ஊர் இல்லாத பெயர். சண்டையும் இல்லை.

டச்சு ஐரிஸ் கதை புதுசு. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹார்லெம் நகரத்து வான் டூபெர்கன் நிறுவனம் ஸ்பானிஷ் ஐரிஸின் முந்திப் பூக்கும் வடிவங்களோடு மொராக்கோ பக்கத்து ஐரிஸ் டிஞ்சிடானாவைக் கலந்தது. டிஞ்சிடானா என்றால் டாஞ்சியர் ஊர்க்காரி. பூ பெரிசு, சீக்கிரம் பூக்கும், ஆனால் வடக்கின் குளிரில் நோஞ்சான், பல வருடம் பூக்காமலே இலையாக நிற்கும். அந்தப் பெரிய பூவும் அவசரமும் ஸ்பானிஷின் உரத்தோடு சேர்ந்ததும் வியாபாரம் பிடித்துக்கொண்டது. தோட்டத்தில் டச்சு முதலில் பூக்கும், பிறகு ஸ்பானிஷ், கடைசியில் இங்கிலீஷ். கலப்பினத்துக்கு இதுவே நல்ல அடையாளம். பெற்றோர் இருவரின் குரோமோசோம் எண்ணிக்கையும் ஒத்துப்போகாது (34-உம் 28-உம்), அதனால் பிள்ளைகளில் பலது விதை வைக்கத் தயங்கும். கிழங்கைப் பிரித்துப் பிரித்தே பெருக்குகிறார்கள். புகழ்பெற்ற நீல ரகம் ஒன்றுக்கு புரொஃபசர் ப்ளாவ் என்று பெயர். கிழங்கைச் சேமிக்கும் வெப்பநிலையை மாற்றினால் பூக்கும் நாளையே மாற்றலாம் என்று வாகனிங்கனில் ஆராய்ந்தவர் அவர். பூக்கடையில் வருடம் முழுக்க நீல ஐரிஸ் கிடைப்பதற்கு அந்த வேலைதான் காரணம்.

இதற்கு நடுவே நஷ்டப்பட்டது இங்கிலீஷ் ஐரிஸ். பழைய தோட்டக்காரர்கள் அதில் கோடும் புள்ளியும் விழுந்த பூக்களைத் தேடித் தேடி வளர்த்தார்கள், துலிப்பில் செய்தது போலவே. அந்தக் கோடு வைரஸ் நோயின் கையெழுத்து. கிழங்கைப் பிரிக்கும்போதெல்லாம் நோயும் கூடவே போனது. ரசனையே செடியின் வம்சத்தைக் கெடுத்தது என்று சொன்னால் மிகையில்லை. விதையிலிருந்து புதிதாக வளர்த்தால் பெரும்பாலும் அந்தச் சுமை இல்லாமல் எழும்பும், ஆனால் பூ பார்க்க மூன்று நாலு வருடம் பொறுக்க வேண்டும். கடைக்காரருக்கு அவ்வளவு பொறுமை ஏது? டச்சுக் கிழங்கு இந்த வருடம் நட்டால் அடுத்த வருடம் பூக்கும்.

பிரனீஸ் புல்வெளியில் இன்றும் ஜூலை, ஆகஸ்டில் அது நீலமாகப் பூத்துக்கொண்டிருக்கிறது. அங்கே அதற்கு எந்த ஊர்ப் பெயரும் தேவைப்படவில்லை. அடுத்த குறிப்பில், கேம்பிரிட்ஜில் உடலியங்கியல் பேராசிரியராக இருந்துகொண்டே 1892-இல் குமிழ ஐரிஸ்களுக்கென்று முதல் கையேடு எழுதிய மைக்கேல் ஃபாஸ்டரைப் பற்றி எழுதுகிறேன்.