வேலைக்காக வாகனம் ஓட்டுவோர்: குணமும் ஆபத்தும்

கிரின்ஸ்டெட்டில் இருந்து பில்லுண்ட், வார்டே பக்கம் போகும் வீதிகள் பெரும்பாலும் 80 கிலோமீற்றர் வேகத்துக்குரிய கிராமப்புற வீதிகள். குளிர்காலத்தில் விடியமுன் அதில் ஓடுபவர்கள் பஸ், ரக்சி, லொறி, பொதி வான் சாரதிகள். எம்மவர்களும் அதில் உண்டு. ஒரே வீதி, ஒரே வாகனம். ஒருவர் முப்பது வருடம் கீறல் விழாமல் ஓட்ட, இன்னொருவர் அடிக்கடி இடிபடுவது ஏன்?

இந்தக் கேள்வி பழையது. கனடாவின் ஒன்ராரியோ மாகாணத்து லண்டன் நகரில் ரில்மன், ஹொப்ஸ் என்ற இருவர் ரக்சி சாரதிகளை ஆராய்ந்து 1949 இல் எழுதினார்கள். அடிக்கடி விபத்துக்குள்ளானவர்களின் பெயர்கள் நீதிமன்றப் பதிவுகளிலும் கடன் நிறுவனப் பதிவுகளிலும் கூடுதலாக இருந்தன. ஒருவர் வாழும் விதமே அவர் ஓட்டும் விதம் என்பது அவர்கள் கண்ட முடிவு. கேட்க நன்றாயிருக்கிறது. ஆனால் ஒருவரை ‘ஆபத்தான ஆள்’ என்று முத்திரை குத்திவிட்டு முதலாளி கைகழுவவும் இதுவே வசதி.

1990 இல் மான்செஸ்டரில் ஜேம்ஸ் ரீசன் குழுவினர் ஒரு நல்ல வேறுபாட்டைக் காட்டினர். கண்ணாடியில் சைக்கிளைக் கவனியாமல் விடுவது தவறு. தெரிந்துகொண்டே வேகமாகப் போவதும், முன்வாகனத்தின் பின்னால் முட்டிக்கொண்டு ஓடுவதும் மீறல். வயது ஏற மீறல் குறைந்தது, தவறு குறையவில்லை. 1995 இல் அதே குழுவினர் பார்த்தபோது விபத்தோடு சேர்ந்து நின்றது மீறல்தான்.

குணம் எங்கே வருகிறது? துருக்கியில் நெபி சுமர் 295 தொழில்முறைச் சாரதிகளை ஆராய்ந்து 2003 இல் வெளியிட்டது இதற்குப் பதில் தருகிறது. கிளர்ச்சி தேடும் ஆசை, பகைமை உணர்வு போன்றவை நேரே விபத்தைக் கொண்டுவருவதில்லை. மீறும் பழக்கத்தை வளர்த்து, அதன் வழியாகவே கொண்டுவருகின்றன. கோபக்காரரின் கோபத்தை மாற்றுவது கடினம். ஆனால் அவர் முன்வாகனத்துக்கு எவ்வளவு இடைவெளி விடுகிறார் என்பது பார்க்கக்கூடியது, திருத்தக்கூடியது.

வேலையும் சும்மா இருப்பதில்லை. லொறி, பஸ் சாரதி நாலரை மணிநேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வெடுத்தாக வேண்டும். ரக்கோகிராப் அதைப் பதிகிறது. உள்நாட்டில் ஓடும் சிறிய பொதி வானில் அந்தக் கருவி இல்லை. பொறுமையில்லாத மனிதரும் நெருக்கும் நேர அட்டவணையும் சந்திப்பது அங்கேதான். ‘எப்ப வருவீங்கள்?’ என்று வீட்டிலிருந்து எடுக்கும் தொலைபேசியும் அதில் ஒரு பங்கு.

அந்தத் தொலைபேசியைக் கையில் எடுத்துப் பேசினால் 2019 முதல் அனுமதிப்பத்திரத்தில் ஒரு கிளிப். வேக எல்லையை 30 வீதத்துக்கு மேல் தாண்டினாலும் கிளிப். மூன்று வருடத்துக்குள் மூன்று விழுந்தால் எழுத்துப் பரீட்சையும் ஓட்டப் பரீட்சையும் மறுபடி செய்ய வேண்டும். சித்தியடையாவிட்டால் வேலை போய்விடும்.

2021 மார்ச் முதல் இன்னும் கடுமை. 100 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில், எல்லையைப் போல் இரு மடங்கைத் தாண்டி ஓடினால் அது வெறித்தன ஓட்டம். வாகனம் பறிமுதலாகும், அது கொம்பனியின் வானாக இருந்தாலும் மகன் இரவல் வாங்கிய அப்பாவின் காராக இருந்தாலும். உரிமையாளர் நட்டத்தைச் சாரதியிடம்தான் கேட்க வேண்டும்.