காற்றைப் படம் பிடித்தவர்கள்

உச்சி வெயிலில் தார் வீதியின்மேல் காற்று நெளிவதை நேயர்கள் கண்டிருப்பீர்கள். சூடேறி அடர்த்தி குறைந்த காற்றினூடே செல்லும் ஒளி சற்று முறிந்து திசை மாறுவதால் உண்டாகும் தோற்றம் அது. இந்தச் சிறு முறிவு, ஐரோப்பாவை அலைக்கழித்த ஒரு பழிச்சொல்லை ஆராய உதவியது.

1870ஆம் ஆண்டு பிரான்சுக்கும் பிரசியாவுக்கும் போர் மூண்டது. சிறிய துளையாய்ப் புகுந்த துப்பாக்கிச் சன்னம், உடலினுள்ளே கிண்ணம் போல அகன்ற காயத்தை உண்டாக்கிற்று. வெடிக்கும் சன்னங்களை 1868ஆம் ஆண்டு சென் பீற்றர்ஸ்பேர்க் உடன்படிக்கை தடைசெய்திருந்தது. அதனை மீறினர் என்று இருதரப்பாரும் ஒருவர்மீது ஒருவர் பழி சுமத்தினர். பெல்ஜிய அறிஞர் மெல்சன்ஸ், சன்னம் தன்முன்னே நெருக்கிச் சுமந்து செல்லும் காற்றே காயத்தைப் பிளக்கிறது என்றார். பிராக் நகரப் பேராசிரியர் ஏணஸ்ட் மாக் இதைச் செவியுற்றார். வாதத்தால் தீராததைக் கண்ணால் கண்டு தீர்க்க விரும்பினார்.

அதற்கு வழி ஏற்கெனவே இருந்தது. 1864ஆம் ஆண்டளவில் ஜேர்மானியரான அவுகுஸ்து தெப்லர் வகுத்த முறை அது. விளக்கொளியை வில்லையொன்றினால் ஒரு புள்ளியிற் குவித்து, அங்கே கத்தி விளிம்பொன்றை நிறுத்தி ஒளியைப் பெரும்பாலும் மறைத்துவிடுவர். இடையிலே கண்ணாடியிற் கீற்றோ, காற்றில் அடர்த்தி வேற்றுமையோ இருப்பின் கதிர் சிறிது விலகும். விளிம்பைத் தாண்டியது ஒளிரும், அதில் முட்டியது இருளும். எஞ்சியது, விரையும் சன்னத்தைக் கணப்பொழுதிற் பிடிப்பதே. அதற்குச் சன்னமே உதவிற்று! அது கம்பிகளைத் தொட்டதும் மின்சுற்று இணைந்து பொறி பறக்க, அப்பொறியின் ஒளியே தகட்டிற் படத்தைப் பதித்தது.

பிராக்கில் முதலிற் செய்த சோதனையில் அலை எதுவும் தோன்றவில்லை. கைத்துப்பாக்கியின் சன்னம் ஒலியினும் மெதுவாகச் சென்றமையே காரணம். வேகமிக்க துப்பாக்கி கொண்டு சோதிக்குமாறு, பியூமே துறைமுகத்துக் கடற்படைக் கல்லூரிப் பேராசிரியர் பீற்றர் சல்கரிடம் மாக் வேண்டினார். 1886ஆம் ஆண்டு சல்கர் வென்றார். விரைந்தோடும் கப்பலின் முகப்பில் நீர் விரிவதுபோலச் சன்னத்தின் முன்னே வளைந்த அலையும், பின்னே சுழல்களும் அப்படங்களிற் பதிந்திருந்தன. உருப்பெருக்கி கொண்டு நோக்கவேண்டிய அளவு சிறியவை அவை.

ஒலியின் வேகத்தைக் கடந்தாலன்றி அவ்வலை எழாது. முன்னேறுவதும் அலையேயன்றி, திரண்ட காற்று மூட்டையன்று. அதிவேகச் சன்னம் தசையைப் பக்கமாகத் தள்ளுவதனாலேயே காயம் அகல்கிறதென்பதும் தெளிவாயிற்று. அதற்கு வெடிமருந்து வேண்டுவதில்லை.

1887ஆம் ஆண்டு வியன்னா விஞ்ஞானக் கழகத்தின் வெளியீட்டில் இருவர் பெயரும் இடம்பெற்றன. 1929ஆம் ஆண்டு சுவிற்சர்லாந்து அறிஞர் அக்கரெற், ஒலிவேகத்தோடு ஒப்பிடும் எண்ணுக்கு மாக்கின் பெயரைச் சூட்டினார். இன்று விமானிகள் நாள்தோறும் அப்பெயரைச் சொல்கின்றனர். பியூமேயில் தகடுகளைப் பதித்த சல்கரின் பெயரைச் சொல்வோர் சிலரே.