படத்துக்குப் பெயரிட்டவர்கள்

கணினிக்குக் கண் கொடுக்க முயன்ற வரலாற்றைப் படித்தபோது என்னை வியக்க வைத்தது, அதில் அகராதிக்கு உள்ள இடந்தான். காண்பது கண்ணின் வேலை. ஆனால், கண்டதை இன்னதென்று சொல்லப் பெயர் வேண்டும். அந்தப் பெயர்களை வைத்தவர்கள் யார்?

1966 இல் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் சீமோர் பேப்பர்ட் ஒரு கோடைகாலத் திட்டம் வரைந்தார். படத்தில் பொருளையும் பின்னணியையும் பிரித்து, பொருளின் பெயரைச் சொல்லக் கணினியைப் பழக்குவதே அதன் நோக்கம். கோடை முடிந்தது, வேலை முடியவில்லை. பல பத்தாண்டுகள் கடந்தன.

இதற்கிடையே 1985 இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஜோர்ஜ் மில்லர், வேர்ட்நெட் என்னும் சொற்களஞ்சியத்தைத் தொடங்கினார். அது அகரவரிசைப்படி அமைந்ததன்று. ஒரே பொருள் தரும் ஆங்கிலச் சொற்களை ஒரு தொகுதியாக்கி, நாய் விலங்கினுள் அடங்கும், விலங்கு உயிரினத்துள் அடங்கும் என்று கிளை கிளையாக இணைத்தது. ஆசிரிய கலாசாலையில் தமிழ் படித்த என் போன்றோருக்கு இம்முறை அந்நியமானதல்ல. திவாகரமும் சூடாமணியும் தேவப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர், மரப் பெயர் என்று பொருள்வழித் தொகுத்தவை அல்லவா?

ஃபெய்-ஃபெய் லீ என்ற பெண் ஆய்வாளரும் அவரது குழுவினரும் இந்த ஆங்கில நிகண்டின் பெயர்ச்சொற்களுக்குப் படங்களைத் தேடிச் சேர்த்தனர். 2009 இல் வெளியான அத்தொகுப்பின் பெயர் இமேஜ்நெட். பின்னர் அது ஏறக்குறைய 22,000 தொகுதிகளில் 1 கோடி 40 இலட்சம் படங்களாக வளர்ந்தது. ஒவ்வொரு படத்தையும் பார்த்து, இது இன்னதுதான் என்று உறுதி சொன்னவர்கள், இணையத்தின் வழியே சிறுகூலிக்கு வேலை செய்த பல்லாயிரம் பேர். 2012 இல் நடந்த போட்டியில், இப்படங்களைக் கொண்டு ரொறன்ரோ பல்கலைக்கழகக் குழு பயிற்றிய கணினியின் பிழை 15.3 சதவீதம், அடுத்து வந்த குழுவின் பிழை 26.2 சதவீதம். கணினிப் பார்வை ஆய்வின் போக்கே அதன்பின் மாறியது.

ஆனால், படம் தேடிய சொற்களை ஆங்கிலத்திலிருந்து சீனம், ஸ்பானியம், டச்சு, இத்தாலியம் ஆகிய நான்கு மொழிகளுக்கே பெயர்த்திருந்தார்கள். தமிழும் அரபும் அவற்றுள் இல்லை. படங்களில் 45 சதவீதத்துக்கும் அதிகமானவை அமெரிக்காவிலிருந்து வந்தவை என்று 2018 இல் நேச்சர் இதழில் ஜேம்ஸ் சூ, லொண்டா ஷீபிங்கர் இருவரும் சுட்டிக்காட்டினர். இவ்வாறு பயின்ற கணினி, வெள்ளை ஆடை அணிந்த அமெரிக்க மணமகளை மணமகள் என்றது. வட இந்திய மணமகளையோ நாடக வேடம் என்றது!

2019 இல் வேறொன்றும் அம்பலமாயிற்று. வேர்ட்நெட்டின் மக்கட்பெயர்க் கிளையில் இருந்த வசைச் சொற்கள், யார் எவரென்று தெரியாத மனிதர்களின் புகைப்படங்களில் ஒட்டப்பட்டிருந்தன. கேட் கிரோபோர்டும் ட்ரெவர் பக்லனும் இதைக் கண்காட்சியாக்கிக் காட்டினர். அவ்வாண்டிலேயே சுமார் 6 இலட்சம் படங்களை நீக்குவதாக இமேஜ்நெட் குழு அறிவித்தது.

நமது நிகண்டுகளின் மக்கட்பெயர்த் தொகுதியிலும் அக்காலத்தின் குல உயர்வு தாழ்வு படிந்தே உள்ளது. சொல்லைத் தொகுப்பவர் அச்சொல்லைப் பேசியோரின் மதிப்பீட்டையும் சேர்த்தே தொகுக்கிறார். தமிழ்ச் சொற்களும் நம் ஊர்ப் படங்களும் இன்று கணினிக்குள் சென்றுகொண்டிருக்கின்றன. முக்காடிட்ட நம் வீட்டு மணமகளின் படத்துக்குக் கீழே எந்தச் சொல் எழுதப்படும் என்பதை, நம்மைத் தெரியாதவர்களின் கையில் விட்டுவிட முடியாது. மொழியை நேசிக்கும் எழுத்தாளர்களுக்கு இங்கே செய்வதற்கு வேலை இருக்கிறது.